அண்ணன் வகுத்துப் பார்த்த எண்

அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. அது ஒருத்தனுடைய ஐசி நம்பர், அதாவது அடையாள அட்டை எண். ஆள் போய்விட்டான், கார்டையும் ஆபீஸில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், இருந்தாலும் எழுத மாட்டேன். இன்னொரு எண்ணும் இருக்கிறது. சின்னது, நாலே இலக்கம். அதையும் எழுத மாட்டேன். எழுதினால் படிக்கிறவர்களில் யாராவது ஒருத்தர் நம்பர் கடைக்குப் போய் அதன் மேல் பணம் கட்டிவிட்டு வருவார். நம் ஆட்களை எனக்குத் தெரியும். என்னையும் தெரியும்.

நான் கணக்கு டீச்சர். அலோர் காஜா பக்கம் ஒரு இடைநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அண்ணன் என்னைவிட ஆறு வயசு பெரியவர், புக்கிட் ரம்பாயில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார். காலையில் வேலையாட்களைக் கொண்டுவந்து இறக்கினால், மத்தியானம் ஷிப்ட் முடியும்வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். தங்கச்சிக்குப் படிப்பு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். சுத்தப் பொய். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் என் வீட்டுப்பாடக் கணக்குகளைப் போட்டுக் கொடுத்ததே அவர்தான். அதுவும் பேப்பர் இல்லாமல், பல் விளக்கிக்கொண்டே. மூன்றாம் படிவத்தோடு அவர் நின்றதற்குக் காரணம் வேறு, அது இங்கே வேண்டாம்.

அண்ணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ரோட்டில் முன்னால் போகிற வண்டியின் நம்பரை விட மாட்டார், வகுத்துப் பார்ப்பார். "எண்ணூத்திப் பதினேழா? பத்தொன்பதும் நாப்பத்தி மூணும்," என்பார், கியரை மாற்றிக்கொண்டே. எதாலும் வகுபடாத எண் வந்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பிடிவாதக்காரன் போறான் பாரு, பிடிவாதக்காரன்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டுவார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மிச்சமில்லாமல் வகுபடாத எண்ணைப் பாடப்புத்தகத்தில் பகா எண் என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பிடிவாதக்காரன் என்றுதான் பெயர்.

பஸ்ஸில் வருகிற பெண்கள் அவரை விட மாட்டார்கள். "அண்ணே, இன்னைக்கு எந்த நம்பர் நல்லாருக்கு, சொல்லுங்க லா," என்று நச்சரிப்பார்கள். "நீங்க எடுக்காம இருந்தா எல்லா நம்பரும் நல்ல நம்பர்தான்," என்பார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவர் நம்பர் எடுத்ததில்லை.

நான் எடுப்பேன். டீச்சர்தான், ஆனாலும் எடுப்பேன். சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு நாலு இலக்கம். கனவில் வந்தது, புதுக் காரின் நம்பர், ஆஸ்பத்திரிக் கட்டிலின் நம்பர், எதுவாக இருந்தாலும் சரி. மொத்தம் பத்தாயிரம் எண்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்புத்தான், செத்தவனின் நம்பர் என்று எந்தக் குலுக்கல் பெட்டிக்கும் தெரியாது என்று வகுப்பில் நின்று வாய் கிழியப் பேசுகிறவளும் நான்தான். வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். அப்படி ஒரு ஜென்மம்.

ஒரு தீபாவளிக்கு, பலகாரத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அண்ணன் எல்லாருடைய ஐசியையும் வாங்கி மேசையில் பரப்பினார். மொத்தம் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி நாலு அவரவருக்கு. அந்தக் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. "அப்போ பொம்பளைங்க எல்லாரும் ரெண்டால போயிடுவீங்க. ஒருத்திகூட பிடிவாதக்காரி கிடையாது," என்று சிரித்தார். "ஐசியில இல்லன்னா என்னா, அடுப்படிப் பக்கம் வந்து பாருங்க," என்றார் அண்ணி. அண்ணனுடையது ஐந்தில் முடிந்தது, அதுவும் போச்சு. "என்னோடதப் பாருங்கப்பா," என்று அவர் மகன் கார்டை நீட்டினான்.

ஒரே பிள்ளை. இரண்டாயிரமாவது வருஷம் ஜனவரியில் பிறந்தவன், அதனால் அவன் நம்பர் மூன்று சைபரோடு ஆரம்பிக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படை, ஐந்தும் இல்லை. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தார், மூன்றாலும் போகாது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது லேசுல சொல்ற விஷயம் இல்லடா. உக்காந்து பார்க்கணும். ஒரு நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்." "மறந்துடாதீங்க," என்றான் அவன். அப்போது அவனுக்கு இருபது வயசு.

மூன்று வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், சுங்கை ஊடாங்கில் வேலைக்குப் போகிற வழியில், அவன் மோட்டார் சைக்கிளோடு லோரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அத்தை அத்தை என்று என்னையே சுற்றி வந்தவன். இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் தகனம். வாசலில் கூடாரம், தாமான் குடியிருப்பு முழுக்க ஜனம். வெளியூரிலிருந்து வந்த ஒருத்தர், எங்களுக்குச் சித்தப்பா முறை, அண்ணன் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மோட்டார் நம்பர் என்னாப்பா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம், வெட்கங்கெட்ட வழக்கம். எங்கே விபத்து நடந்தாலும் முதலில் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார்கள். செத்தவன் போகும்போது கொடுத்துவிட்டுப் போவான் என்று ஒரு நம்பிக்கை.

அண்ணன் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தூக்கிக் கூடாரத்துக் கம்பத்தில் அடித்தார். "என் புள்ள இன்னும் வீட்ட விட்டுப் போகல! அதுக்குள்ள நம்பரா?" மீதியை நான் கத்தினேன். "மனுஷனா நீ? சோத்தத்தான் திங்கிறியா? பச்சப் புள்ள செத்துக் கெடக்கு, நம்பர் கேட்டு வந்துட்டான்!" வயசு, முறை எதையும் பார்க்கவில்லை. செருப்பைப் போடக்கூட விடாமல் கேட்டுக்கு வெளியே தள்ளினேன். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊரே பார்த்தது.

அதே சனிக்கிழமை சாயங்காலம். ஆண்கள் மயானத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. மறுநாள் பால் தெளிக்கத் தேவையான சாமான்களை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். பூ வாங்கினேன், பால் வாங்கினேன், தேங்காய் வாங்கினேன். பக்கத்துக் கடை நம்பர் கடை. அழுத முகத்தோடு உள்ளே போய், மோட்டாரின் நாலு இலக்கத்தைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சீட்டைக் கொடுத்தாள். அவளுக்குப் புரிந்திருக்கும்.

ஏன் போனேன்? எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மண்டை குழம்பியிருந்தது, கைப்பழக்கம், தெரியாமல் செய்துவிட்டேன். எல்லாம் சப்பைக்கட்டு. அவனுக்கு என் மேல் அவ்வளவு பிரியம், போகும்போது அத்தைக்குத்தான் கொடுத்துவிட்டுப் போவான் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. சீ, எழுதும்போதே உடம்பு கூசுகிறது. சித்தப்பாவைக் கத்தித் துரத்திய தொண்டைகூட அப்போது சரியாகியிருக்கவில்லை.

அந்த நம்பர் அன்றைக்கே அடித்தது. பெரிய பரிசு இல்லை. கடைசியில் வரிசையாகப் பத்து நம்பர் போடுவார்களே, ஆறுதல் பரிசு என்று, அதில் வந்தது. அந்தக் காசு என் காரின் ரோட் டாக்ஸுக்குப் போனது. ஊரில் இன்னும் எத்தனை பேர் எடுத்தார்களோ தெரியாது, அண்ணன் நாற்காலியைத் தூக்கி அடித்ததைப் பார்த்த பிறகு அவர் காதுபட யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் ரிசல்ட் பார்க்கிற ஆளும் இல்லை. நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

கருமக்கிரியை முடிந்த பிறகு, மகன் வேலை செய்த கம்பெனியில் ஏதோ கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். அண்ணனோடு நானும் போனேன். அங்கே இருந்த கிளார்க் நீட்டிய தாளில் மகன் பெயருக்கு நேராக ஒன்பது இலக்கம்தான் இருந்தது. முன்னால் இருந்த மூன்று சைபரையும் கம்ப்யூட்டர் தின்றுவிட்டிருந்தது. ஐசி நம்பரை வெறும் எண் என்று நினைத்துக்கொண்டால் அது அப்படித்தான் செய்யும். கிளார்க் "சோரி, சோரி அங்கிள்," என்று திருத்தித் தரப் போனார். அண்ணன் தாளை விடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டு கேட்டார். "பெரிய பெரிய ஐசி நம்பருங்கள எல்லாம் பார்க்க ஒரு ஆயுசு பத்தாது. ஒன்பது இலக்கம்னா முடியும் இல்ல?"

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எண் நூறு மில்லியனுக்குக் கொஞ்சம் மேலே. அதை இரண்டு எண்களின் பெருக்கலாக உடைக்க முடியும் என்றால், இரண்டில் ஒன்றாவது பத்தாயிரத்துச் சொச்சத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். இரண்டுமே அதைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கும்போது எண்ணைத் தாண்டிப் போய்விடும். ஆகவே பத்தாயிரத்துச் சொச்சம்வரை பார்த்தால் போதும். அதிலும் எல்லா எண்ணும் வேண்டாம். ஏழால் போகாத எண் பதினாலால் போகாது, இருபத்தொன்றாலும் போகாது. பிடிவாதக்காரன்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் முடிந்தது.

"கிட்டத்தட்ட ஆயிரத்து முந்நூறு தடவ வகுக்கணும் அண்ணே."

"ஒரு நாளைக்கு மூணு போட்டா?"

"பதினாலு மாசம் ஆகும்."

"பஸ்ஸுல சும்மாதான உக்காந்திருக்கேன்," என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன்ல பார்த்து விடையச் சொல்லிடாதம்மா. நான் பார்த்துச் சொல்றேன்னுதான் அவன்கிட்ட சொன்னேன்."

அன்றைக்கு ராத்திரியே நான் போனில் பார்த்துவிட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. பகா எண். பிடிவாதக்காரன்தான். போனை அணைத்து வைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கட்டம்போட்ட நோட்டை வாங்கினார். அரைப் பக்கத்துக்கு ஒரு வகுத்தல். மேலே வகுக்கிற எண், கீழே நீட்டாக வகுத்தல், கடைசியில் மிச்சம், மிச்சத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் ஒரே அடியில் பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. ஒன்பது இலக்கத்தை மும்மூன்றாகப் பிரித்து, முதலையும் கடைசியையும் கூட்டி நடுவில் இருப்பதைக் கழிக்க வேண்டும். வருகிற சின்ன எண் இவற்றில் எதால் போகிறதோ அதால்தான் பெரிய எண்ணும் போகும். சொன்னேன். ரசித்துக் கேட்டார், கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா குறுக்கு வழி வேணாம்மா. அவனுக்கு நான் முழுசா பார்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். பசியாறி முடித்ததும் அவர் நோட்டை என் முன்னால் வைப்பார். அந்த வாரத்து இருபத்தொரு வகுத்தலையும் நான் சரிபார்ப்பேன். வந்த விடையை வகுத்த எண்ணால் பெருக்கி மிச்சத்தைக் கூட்டினால் மகனுடைய எண் திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைத்தால் சிவப்புப் பேனாவில் ஒரு டிக். முதல் மாசங்களில் அங்கங்கே தப்பு விட்டார். தப்பைக் காட்டினால் காதைப் பிடித்துக்கொண்டு, "சாரி டீச்சர்," என்பார். மகன் போனதிலிருந்து அவர் வாயில் வந்த முதல் விளையாட்டுப் பேச்சு அதுதான். அண்ணி ஒரு நாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "இந்த நோட்டு மட்டும் இல்லன்னா உங்க அண்ணன் இருந்திருக்க மாட்டாரு. நீங்க வர்றதாலதான் ஓடுது," என்றார். என் கையில் இருந்த தோசைத் தட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றேன்.

ஒவ்வொரு ஞாயிறும், நம்பர் எடுத்ததைச் சொல்லிவிடுவோம் என்றுதான் கிளம்புவேன். கார் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்ததும், இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றும். நூற்று இருபத்தேழில் சொல்லவில்லை. ஆயிரத்து ஒன்பதில் சொல்லவில்லை. மூவாயிரத்தைத் தாண்டியபோது மழை, அண்ணனுக்குக் காய்ச்சல், அன்றைக்கும் சொல்லவில்லை. எனக்கா சாக்குக்குப் பஞ்சம்! நோட்டு முடியட்டும் என்று கடைசியாக ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆயிரத்து முந்நூறு தடவை நேர்மையாக வகுத்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டரை மாசம் போயிருக்கும். ஒரு ஞாயிறு நோட்டைப் புரட்டினால், ஒரு அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே எண்கூட எழுதவில்லை. முன்னால் ஒரு பகா எண், பின்னால் ஒரு பகா எண், நடுவில் ஒன்று இல்லை. எந்த எண் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த மோட்டாரின் நாலு இலக்கமும் ஒரு பிடிவாதக்காரன். அண்ணன் அதைத் தெரிந்தேதான் விட்டிருந்தார், இடம் விட்டுவிட்டுத் தாண்டிப் போயிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மத்ததுக்கு டிக் போடும்மா," என்றார். போட்டேன்.

ஆயிரத்து முந்நூறில் ஒன்றை விட்டாலும் ஒன்றும் நிரூபிக்கப்படாது. அந்த ஒன்றால் வகுபட்டுவிட்டால் எல்லாம் போச்சு. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் இன்னும் ஆறு மாசம் ஓட்டினோம்.

கடைசி ஞாயிறு. எட்டு நோட்டும் மேசை மேல் இருந்தன. பத்தாயிரத்துச் சொச்சம்வரை எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் அந்த வெறும் அரைப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"இது ஒண்ணுதான் பாக்கி. எழுதக் கை வர மாட்டேங்குது," என்றார். "அந்த நம்பரால அவன் நம்பர் உடைஞ்சிடுச்சின்னா நான் என்னா பண்ணுவேன்? ரோட்டுல உடைச்சது பத்தாதா? பஸ்ஸுல உக்காந்து இதையேதான் நெனச்சிக்கிட்டிருக்கேன், ஆறு மாசமா." மூக்கை உறிஞ்சினார். "நீ போடு. கையால போடு. போன் வேணாம்."

உடையாது என்று எனக்குத் தெரியும். ஆறு மாசமாக அவர் பயந்து செத்துக்கொண்டிருந்தபோதும் எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தேன். நாலு இலக்கத்தை எழுதினேன். நம்பர் கடைக் கவுண்டரில் சொன்னதற்கு அப்புறம் அன்றைக்குத்தான் அதைத் தொடுகிறேன். இலக்கம் இலக்கமாக இறக்கி, பெருக்கி, கழித்தேன். அண்ணன் மூச்சு என் காதுப் பக்கத்திலேயே கேட்டது. மிச்சம் வந்தது. சைபர் இல்லை. இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு வட்டம் போட்டேன்.

"போகல அண்ணே."

அவர் எழுந்து நின்றார். "அலாமாக்!" என்றார், தலையில் கையை வைத்துக்கொண்டார், சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணி கொட்டியது. "ஏம்மா, இங்க வா! ஓடியா!" என்று அண்ணியைக் கூப்பிட்டார். "நம்ம புள்ள பிடிவாதக்காரன்! எதாலயும் உடைக்க முடியாது. எதாலயும்! நான் பார்த்துட்டேன்!" அண்ணிக்குக் கணக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் அவரும் அழுதுகொண்டே சிரித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்து. டீ போடப் போகிறேன் என்று அண்ணி உள்ளே போனார்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையில் கையை வைத்தார். "அந்த நம்பர உன் கையால எழுதினதுதான் சரி. அன்னைக்கு ஊரே அதுக்குப் பின்னால ஓடுச்சி. நீ ஒருத்திதான் எனக்காக நின்னே. சுத்தமான கைம்மா உனக்கு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டீ வரும், குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த மனுஷன் அன்றைக்கு ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இத்தனை மாசம் அடக்கி வைத்தவளுக்கு இன்னும் ஒரு வாரம் அடக்கத் தெரியாதா? தலைமேல் இருந்த கையை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். என் பாரத்தை இறக்கி வைக்க அவருடைய சந்தோஷம்தான் எனக்கு இடமாகக் கிடைத்தது.

"அண்ணே, நானும் எடுத்தேன்," என்றேன்.

"என்னாத்த?"

"அந்த நம்பர. அன்னைக்குச் சாயங்காலம், பாலுக்குச் சாமான் வாங்கப் போனப்போ."

கை தலையிலிருந்து எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கத்துவார், நாற்காலியைத் தூக்குவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. எங்கள் ஊரில் நம்பர் எடுத்தவரிடம் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"அடிச்சுதா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா! பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அடிச்சுது அண்ணே."

"ம்," என்றார்.

பிறகு எட்டு நோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். எழுந்து அலமாரியில் இருந்து பிரிக்காத புது நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். முதல் பக்கத்தில் மகனுடைய ஒன்பது இலக்கத்தையும் எழுதினார். கீழே மூன்று என்று போட்டார். வகுக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பதறிவிட்டது. "அண்ணே, என்னா பண்றீங்க? அதான் முடிஞ்சிடுச்சே! எல்லாம் சரியா இருக்கு, ஒண்ணு விடாம நான்தான் பார்த்தேனே..."

"அதான்," என்றார், தலையைத் தூக்காமல். "நீ பார்த்தது."

மூன்றுக்கு மிச்சம் போட்டு வட்டம் போட்டார். ஏழு எழுதினார். நான் உட்கார்ந்தே இருந்தேன். பதினொன்றும் முடிந்தது. "நீ போம்மா. மாப்பிள்ள வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாரு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அண்ணி டீயோடு அடுப்படி வாசலில் நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

இது நடந்து ஏழு மாசம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவதில்லை. அண்ணியிடம் போனில் பேசினால், "எழுதிக்கிட்டுத்தான் இருக்காரு," என்கிறார், வேறு ஒன்றும் சொல்வதில்லை. எட்டு நோட்டும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. நான் கணக்குப் போடாமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஒரு நாளைக்கு மூன்று என்றால் இந்நேரம் நாலாயிரத்தைத் தாண்டியிருப்பார். அந்த நம்பர் வர இன்னும் ஒன்றரை மாசம்தான் இருக்கிறது. இந்தத் தடவை அதை அவரேதான் எழுத வேண்டும்.